வண்டூர் ஜெட்டியில் படகு வரி

அன்று காலை வண்டூர் ஜெட்டியில் இருந்தவர்கள்: நான். என் மச்சினன். எங்களிடம் மீன் வாங்கி விற்கும் அண்ணாச்சி. பஞ்சாயத்து மெம்பர் அக்கா. அப்புறம் நாங்கள் யாரும் முன்னே பார்த்திராத ஒரு ஆள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அட்டை பின்பக்கம் திரும்பியே கிடந்தது.

எங்கள் படகில் மூன்று பெட்டி சூரை மீன். போர்ட் பிளேர் பஸ்ஸில் ஏற்றினால் சந்தையில் கிலோ இருநூறு. ஐஸ் குறைவு. அந்த பஸ்ஸை விட்டால் மீன் தாங்காது.

அந்த ஆள் படியை மறித்து நின்றான். "ஒரு படகுக்கு நூறு ரூபா வரி. குடுத்துட்டு இறக்கு."

"யாரு போட்ட வரி?" என்றேன்.

"ஊப்பர் ஸே ஆர்டர். மேலேர்ந்து."

"மேலேன்னா? சாமியா?" என்றான் மச்சினன். ஆனாலும் கை பாக்கெட்டுக்குப் போய்விட்டது. இங்கே யாராவது இந்தியில் அதட்டினால் முதலில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் எதற்கு என்று கேட்போம். நான் அவன் கையைப் பிடித்தேன். இன்று கொடுத்தால் தினமும் கேட்பான்.

மெம்பர் அக்கா முன்னால் வந்தார். "ஆர்டரை வச்சு வரி வாங்க முடியாது தம்பி. சட்டம் வேணும். மெயின்லேண்டுல மாநில கவர்மெண்டே சட்டசபையில சட்டம் போட்டாத்தான் வாங்கலாம். அதுவும் எல்லாத்துக்கும் போட முடியாது. நம்ம தீவுக்கு சட்டசபையே இல்ல. டெல்லி போடணும். பஞ்சாயத்து வரிக்கே சட்டத்துல இடம் வேணும்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க. உன் சட்டம் எங்க?"

"அப்ப ஃபீஸ்னு வச்சுக்குங்க."

"ஃபீஸுக்கும் சட்டம் வேணும். சரி, ஃபீஸ் கேக்க என்ன செஞ்சு குடுத்த, ஜெட்டியில விளக்கு போட்டியா? தண்ணி வச்சியா?"

அந்த ஆள் படியை விட்டு நகரவில்லை. படகை வேறு பக்கம் ஒதுக்கலாம் என்றால் வற்றம், தண்ணீர் இறங்கிவிட்டது, அடி பாறையில் தட்டும். அட்டை மாட்டியவனைத் தள்ளினால் போலீஸ்.

"விடாதப்பா. நியாயத்தைக் கேளு. ஒத்த ரூபா குடுக்காத," என்றார் அண்ணாச்சி.

எங்களுக்காக அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அந்த ஆள் எல்லாரையும் முறைத்தான். அண்ணாச்சி பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

பஸ் ஹாரன் அடித்தது. கிளம்பிப் போனது.

அந்த ஆள் போனைப் பார்த்தான். "நாளைக்கு ஆர்டரோட வர்றேன்," என்று சொல்லிவிட்டு நடந்தான். மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அண்ணாச்சி படியிறங்கி வந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "ஜெயிச்சுட்டீங்க போங்க," என்றார். எங்கள் ஐஸ் தண்ணீராகியிருந்தது. அவர் வண்டியில் ஐஸ் நிறைய இருந்தது.

வரி கொடுக்கவில்லை. அண்ணாச்சிக்கு மீனைக் கொடுத்தோம்.

கிலோ எழுபது ரூபாய்.