நான் அணைத்துவிட்டு வந்த ஆன்டிவைரஸ்

"அண்ணா, எந்த ஃபைலும் தொறக்கல. எல்லாத்துக்கும் பேரு மாறிக்கீது. சீக்கிரம் வாங்களேன்."

போனில் எஸ்தர். திருப்புலிவனத்துப் பெண். அம்மா இன்னும் கூலிக்கு நாற்று நடுகிறார். இவள் வேலைக்குப் போய்க்கொண்டே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். நடவு வேலை செய்யும் பெண்களின் இடுப்பு வலி பற்றிய ஆய்வு. அறுபது பெண்களிடம் பேசிப் பதிவு செய்து, அத்தனையையும் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் பாக்கி. அதுவே கடைசிக் கெடு.

உத்திரமேரூரில் இருபது வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்கிரீனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ரான்சம்வேர். ஃபைல்களைப் பூட்டிவிட்டு, பணம் கட்டினால் திறக்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு.

"பென் டிரைவ்ல காப்பி இருக்குமே?"

"அதுவும் தொறக்கலண்ணா. கழட்டுனா தொலைஞ்சிடும், சொருகியே வைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொருகியே இருந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டியிருந்தது. போனில் இடமில்லை என்று குரல் பதிவுகளையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு அங்கே அழித்திருந்தாள்.

இனிமேல் சொல்வதற்குத்தான் எனக்குக் கூச்சம். ஆறு மாதம் முன்பு அந்த சிஸ்டத்தில் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் போட்டது நான். கிராக் காப்பி, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி. ஆன்டிவைரஸ் அதை உள்ளே விடாது. அதனால் ஆன்டிவைரஸையும் ஃபயர்வாலையும் அணைத்துவிட்டுத்தான் இன்ஸ்டால் செய்வேன். அன்றும் அப்படித்தான்.

"திரும்ப ஆன் பண்ண வேணாமாண்ணா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. சிஸ்டம் ஸ்லோ ஆயிடும். டைப்பிங்கையும் அழிச்சிடும். அப்புறம் ஒரே பேஜார்" என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

கருத்தரங்க அழைப்பு என்று மெயிலில் வந்த ஒரு ஃபைலை அவள் திறந்திருக்கிறாள். சிபியூவைக் கடைக்குத் தூக்கி வந்து, அதே ஃபைலை ஆன்டிவைரஸ் ஆனில் இருந்த ஒரு பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். கிளிக் செய்வதற்குள் ஆன்டிவைரஸ் பிடித்துவிட்டது. நான் அணைக்காமல் இருந்திருந்தால் எஸ்தரின் சிஸ்டத்திலும் பிடித்திருக்கும்.

மறுநாள் சிபியூவைக் கொண்டுபோய்க் கொடுத்து, எதையும் மீட்க முடியவில்லை என்றேன்.

"ஆன்டிவைரஸ் ஆன்ல இருந்திருந்தா தப்பிச்சிருக்குமாண்ணா?"

"இல்லம்மா. இது புது வைரஸ். எது இருந்தாலும் தடுத்திருக்காது."

வாய் கூசாமல் சொன்னேன். அவள் அழுதுகொண்டே, "அப்போ என் நேரம்தாண்ணா" என்றாள்.

ஐந்து மாதம் கழித்து அவள் தெருக்காரர் ஒருவர் புது லேப்டாப்போடு கடைக்கு வந்தார். "ஆன்டிவைரஸ்லாம் வேணாங்க. போட்டாலும் ஒன்னியும் தடுக்காதுன்னு நீங்களே சொன்னீங்களாமே? எஸ்தர் சொல்லிச்சி" என்றார். என் பொய் ஒரு தெருவையே சுற்றி வந்திருந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள்.

"கைடு குடுத்த லெட்டருண்ணா. நான்தான் அலட்சியமா இருந்து எல்லாத்தியும் தொலைச்சிட்டேன்னு எழுதிக்கீறாரு. அதனால டைமும் குடுக்கல. அவராண்ட வந்து, உங்க தப்புன்னு சொல்றீங்களா?"

மறுநாளே அவளோடு போனேன். அவளுடைய ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் முழுவதையும் கேட்டார்.

"இதை நீங்க அந்த வாரமே வந்து சொல்லியிருந்தா, கமிட்டிக்கு எழுதி இன்னும் ஒரு வருஷம் வாங்கிக் கொடுத்திருப்பேன். இப்போ பதிவே ரத்தாயிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உத்திரமேரூர் வரும்வரை அந்தக் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, கிராக் போடாதீர்கள், அணைத்ததை ஆன் செய்துவிட்டு வாருங்கள், பேக்கப் எடுத்த டிரைவைக் கழற்றித் தனியாக வையுங்கள். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே வாயைத் திறந்துவிடுங்கள். எஸ்தரின் ஃபைல்கள் போனது வைரஸால். பட்டம் போனது, நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஐந்து மாதத்தால்.