என்றைக்குச் சாப்பிடலாம்?

அனுஜினுக்குச் சொந்த ஊர் மங்கோலியாவில் தர்கான். கொரியாவின் சோங்ஜு நகரத்துக்குக் கட்டுமானப் பொறியியல் படிக்க வந்து இது இரண்டாவது வசந்தம். முதல் வருடம் முழுக்க அவளுக்குப் பழக்கமான முகங்கள் நூலகக் காவலாளியும், கான்டீனில் சூப் ஊற்றுகிற அம்மாளும்தான். மொழியோடு மல்லுக்கட்டி அவள் ஓர் அத்தியாயத்தைப் படித்து முடிப்பதற்குள், வகுப்பில் மற்றவர்கள் பாடத்தையும் முடித்து, கூட்டமாகக் கறி சுட்டுத் தின்று, பாட்டும் பாடிவிட்டு வந்துவிடுவார்கள். மதிப்பெண் என்னவோ நன்றாகத்தான் வந்தது. எதிரே யாரும் உட்காராத மேசையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வசந்தத்தில் துறை மாணவர்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போய் ஓர் இரவு தங்குவார்கள். பரீட்சை இருக்கிறது என்று அனுஜின் போன வருடம் போகவில்லை. யாருக்கு யார் கூட்டு என்பது அங்கேதான் முடிவாகிறது என்று அவளிடம் யாரும் சொல்லவுமில்லை. அதன்பிறகு எந்தக் குழுவேலை வந்தாலும் அதே முகங்கள் ஒன்றுசேர்ந்துகொண்டன. மிஞ்சிய அவளைப் பேராசிரியர் ஏதாவது ஒரு குழுவில் திணித்தார்.

இந்த முறை திணித்தது யேரின் இருந்த குழுவில். யேரின் அவளைவிட ஒரு வயது இளையவள், வாய் ஓயாத பெண். குழுவுக்குத் தலைவன் க்யூமின். முதல் சந்திப்பிலேயே அவன் கேட்டான்:

"அக்கா, உங்க டைப் என்ன? குணம் சொல்ற அந்த நாலு எழுத்து டெஸ்ட் எடுத்திருப்பீங்களே?"

"இல்லியே."

"எடுக்கவே வேணாம், பார்த்தாலே தெரியுது. தனிமை விரும்பி. எங்கம்மாவும் இதே டைப்தான்."

முன்பெல்லாம் இந்த ஊரில் ரத்தப் பிரிவை வைத்துக் குணம் சொன்னார்கள். இப்போது நாலு எழுத்து. ஜாதகக் கட்டத்துக்குக் கோட்டு மாட்டிவிட்டால் அறிவியல் ஆகிவிடுமா? தனியாகச் சாப்பிடுகிறவள் தனிமையை விரும்புகிறாள் என்பது, பட்டினி கிடப்பவன் விரதம் இருக்கிறான் என்று சொல்வது போலத்தான். இவளோடு உட்கார்ந்து யாராவது சாப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்க எந்த டெஸ்டிலும் கேள்வி இல்லை.

கலைந்து போகும்போது யேரின் கையசைத்தாள். "எப்பவாவது சேர்ந்து சாப்பிடலாங்கா!"

அந்த ஒரு வாக்கியத்தை அனுஜின் விடுதிவரை பத்திரமாகக் கொண்டுபோனாள். போனில் அம்மாவிடம் சொன்னாள்.

"கூப்பிட்டிருக்காளே! போடி. வெறுங்கையோட மட்டும் போகாத" என்றாள் அம்மா.

தர்கானில் யாரும் போன் செய்துவிட்டு விருந்துக்குப் போவதில்லை. கதவைத் திறந்தால் அடுப்பில் தேநீர் ஏறும், அவ்வளவுதான். அனுஜின் ஞாயிற்றுக்கிழமை மதியம் விடுதிச் சமையலறையில் ஆட்டுக்கறி வைத்த கொழுக்கட்டைகளை ஆவியில் வேகவைத்து, டப்பாவில் அடுக்கிக்கொண்டு, யேரின் வெளியே வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா? ஏதாவது பிரச்சனையா? ஒரு போன் பண்ணியிருக்கலாமே..."

"சாப்பிட வந்தேன். நீதானே சொன்ன?"

யேரினுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, அது... அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுதான் அக்கா. போயிட்டு வரேன்னு சொல்ற மாதிரி."

அனுஜின் குனிந்தாள். வாசலில் மஞ்சள் கயிறு கட்டிய ஷூ கிடந்தது. க்யூமினுடையது. பக்கத்தில் இன்னும் இரண்டு ஜோடி. உள்ளே தரையில் மடிக்கணினிகள் திறந்திருந்தன. அவளைத் தவிரக் குழுவே அங்கே இருந்தது.

க்யூமின் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "கோச்சுக்காதீங்கக்கா. உங்களுக்கு மொழி கஷ்டமாச்சேன்னுதான்... அறிக்கையில உங்க பேரைப் போட்டுடுவோம், கவலையே படாதீங்க. உங்களுக்கும் லாபம்தானே?"

இதற்குப் பெயர் பெருந்தன்மையாம். வேலையைக் கையில் கொடுக்கமாட்டார்கள். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் குழுவில் ஓசிச் சவாரி செய்கிறார்கள் என்று அதே வாயால் பேசுவார்கள்.

"பேரைப் பிச்சை போடாத" என்றாள் அனுஜின். வாசலைவிட்டு அவள் நகரவில்லை. "வேலையைக் குடு. இல்லன்னா பேரை எடுத்துடு."

க்யூமின் அவள் கையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டான்: "அந்த டப்பாவுல என்னக்கா?"

"ஆட்டுக்கறி. வேலை குடுத்தாத்தான் திறப்பேன்."

யேரின் பக்கென்று சிரித்துவிட்டாள். "உள்ள வாங்கக்கா, முதல்ல."

அறிக்கையில் வெள்ளநீர் வடிகால் பகுதியை அவளிடம் கொடுத்தார்கள். அதை வகுப்பில் அவளே மேடையேறிப் பேசவும் சம்மதித்தார்கள். அந்த நாள் வந்தபோது தட்டுத்தடுமாறித்தான் பேசினாள். ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொன்னது அவள், வேறு யாருமில்லை.

வெளியே வந்ததும் க்யூமின் பழக்கதோஷத்தில் கையசைத்தான். "நல்லா பண்ணீங்கக்கா! எப்பவாவது சேர்ந்து சாப்பிடலாம்!"

"என்னைக்கு?"

எல்லோரும் நின்றுவிட்டார்கள். முதலில் யேரின்தான் வாய் திறந்தாள். "இப்பவே! கறி சுடத்தான் போறோம். வாங்க!"

ஒரு வருடத்துக்கும் மேலாக அவள் ஏங்கிக் கிடந்த அழைப்பு. ஆனால் இன்னும் சற்று நேரத்தில் அவளுக்கு மண்ணியல் வகுப்பு.

"எங்களை மாதிரி ஒரு நாள் கட் அடிங்கக்கா, உலகம் முழுகிடாது" என்றான் க்யூமின்.

அவனுக்கு முழுகாது. அவன் வராவிட்டால் ஒரு மதிப்பெண் போகும். இவள் வராவிட்டால் வருகைக் கணக்கு விசா அலுவலகம்வரை போகும். செமஸ்டர் தொடக்கத்தில் வந்த காய்ச்சலில் விடுப்பெல்லாம் ஏற்கெனவே கரைந்திருந்தது. ஒரே பெஞ்சு, ஒரே பாடம், தண்டனை மட்டும் இரண்டு. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் என்ன டைப்போ!

"கிளாஸ் இருக்கு" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

யேரின் அவளையே ஒரு கணம் பார்த்தாள். "அப்போ வியாழக்கிழமை. என் ரூம். போன் எல்லாம் வேணாம், கதவைத் தட்டுங்க."

அனுஜின் வகுப்பில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. சரிவில் அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இறங்கிப்போனார்கள். யேரினின் சிவப்புக் குடை தெருமுனையில் திரும்பி மறையும்வரை அவள் கண்ணெடுக்கவில்லை. வருகைப் பதிவுக்காகப் பேராசிரியர் அவள் பெயரை இரண்டாவது முறையாகவும் கூப்பிட வேண்டியிருந்தது.