இருநூற்றுப் பதினான்கு பேரும் ஒரு வண்டியும்

தும்பக்காட்டில் ஜீப் திரும்பும் இடத்தில் ஒரு பெட்டிக்கடை உண்டு. அதை நடத்துபவர் சசிகலா, வயது நாற்பத்திரண்டு, பத்தாம் வகுப்பு வரை படித்தவர். தேநீர், பிஸ்கட், சோப்பு, தீப்பெட்டி ஆகியவற்றோடு அவர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்கிறார். அதற்குக் கூலி இல்லை, விடுமுறையும் இல்லை. ‘தும்பக்காடு வண்டி’ என்னும் வாட்ஸப் குழுவுக்கு அவரே அட்மின்.

ஜவ்வாது மலையின் அந்தச் சரிவிலுள்ள ஐந்து குக்கிராமங்களுக்கும் சக்கரவர்த்தியின் ஜீப் ஒன்றுதான் போக்கு. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஆலங்காயம் இறங்கும். பிற்பகலில் ஏறி வரும். பன்னிரண்டு இடங்கள். முதல் நாள் மாலைக்குள் குழுவில் பெயர் கொடுத்தவருக்கு இடம் உறுதி. இந்த எளிய ஏற்பாட்டுக்காகத் தொடங்கப்பட்ட குழுவில் இப்போது இருநூற்றுப் பதினான்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் திருப்பூரிலும் கேரளத்திலும் வேலை செய்பவர்கள். அந்த ஜீப்பில் ஆண்டுக்கு இருமுறை ஏறினால் அதிகம். ஆனால் குழுவில் அதிகம் பேசுபவர்கள் அவர்கள்தாம்.

அவர்கள் அத்தனை பேரையும் ஒரு தட்டில் வைத்து ராஜாக்கண்ணுவை மறு தட்டில் வைத்தால், ராஜாக்கண்ணுவின் தட்டே தாழும்.

ராஜாக்கண்ணு மாடு மேய்ப்பவர், அறுபதைத் தொட்டவர். ஊருக்குள் எந்த வீட்டிலும் சிக்னல் கிடையாது. கடையருகே ஒரு கோடு வரும். ஊருக்கு மேலே இருக்கும் கொக்குப்பாறையில் நான்கு கோடும் வரும். மற்றவர்கள் மாலையில் அரைமணி நேரம் பாறைக்கு ஏறிச் செய்திகளைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். ராஜாக்கண்ணுவின் மாடுகளோ நாள் முழுவதும் அந்தப் பாறையடியில்தான் மேயும். ஆகவே ஐந்து ஊர்களிலும் பகலெல்லாம் இணையத்தில் இருக்கும் ஒரே மனிதர் அவர். விடியலில் ரோஜாப்பூ, உச்சிவேளையில் உடல்நலக் குறிப்பு, பிற்பகலில் எங்கோ நடந்த விபத்தின் காணொளி, இடையிடையே அவரே பாடிப் பதிவு செய்த பாட்டு. பப்பாளி இலைச் சாறு எல்லா நோயையும் தீர்க்கும் என்ற செய்தியை அவர் ஒரே மாதத்தில் ஒன்பது முறை அனுப்பியிருக்கிறார். மாலையில் பாறைக்கு ஏறுகிறவனின் போனில் இவையனைத்தும் ஒருசேரக் கொட்டும். வண்டி நேரம் அந்தக் குவியலின் அடியில் எங்கோ கிடக்கும்.

சசிகலா முயலாமல் இல்லை. முதலில் ஐந்து விதிகளை எழுதிப் போட்டார். ராஜாக்கண்ணு அதற்குக் கைகூப்பும் படம் அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடமே ஒரு யானைக் காணொளியைப் போட்டார். பிறகு சசிகலா, அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழுவை மாற்றினார். எவராலும் பெயர் கொடுக்க முடியவில்லை. ஒரே மாலையில் கடைக்கு முப்பத்தொரு அழைப்புகள் வந்தன. அடுப்பில் பால் இருமுறை பொங்கி வழிந்தது. மூன்றாவதாக, வேடிக்கைகளுக்கென்று ‘தும்பக்காடு சிரிப்பு’ என்று தனிக்குழு தொடங்கிக் கொடுத்தார். அன்று முதல் ராஜாக்கண்ணு எல்லாவற்றையும் இரண்டு குழுக்களிலும் அனுப்பினார்.

“மாமா, வண்டி க்ரூப்புல வண்டி சேதி மட்டுந்தான் போடணும்,” என்று நேரிலும் சொல்லிப் பார்த்தார்.

“சரிம்மா, சரிம்மா. நீ சொன்னா நியாயமாத்தான் இருக்கும்,” என்றார் ராஜாக்கண்ணு. “அந்த யானை வீடியோ பாத்தியா இல்லியா?”

அவரை முன்பே நீக்கியிருக்கலாம். நீக்காததற்குக் காரணம் அவருடைய மனைவி செல்லம்மா. இரண்டு சிறுநீரகமும் பழுதானவர்; செவ்வாயும் வெள்ளியும் ஆலங்காயத்தைத் தாண்டி வாணியம்பாடியில் டயாலிசிஸ் செய்துகொண்டாக வேண்டும். காலை பத்து மணிக்குப் படுக்கை ஒதுக்கியிருப்பார்கள். ஆறு மணி ஜீப்பைத் தவறவிட்டால் அந்த முறை போயிற்று. அந்த வீட்டுக்குப் போன் ஒன்றுதான்: திருப்பூரிலிருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது, ராஜாக்கண்ணுவின் சட்டைப் பையில் இருப்பது. குழுவிலேயே அதிகம் தொல்லை தருபவரும் குழுவை அதிகம் நம்பியிருப்பவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, மலைப்பாதை வளைவொன்றில் தடுப்புச்சுவர் வேலை தொடங்குவதாகவும், அதற்காகச் சாலையை ஆறு மணிக்கே மூடுவதாகவும், மறுநாள் வண்டி ஐந்தரைக்கே புறப்படும் என்றும் பிற்பகல் மூன்று மணிக்கு சசிகலா அறிவித்தார். இருமுறை அறிவித்தார். அதன்பின் மாலைக்குள் ராஜாக்கண்ணு அறுபத்து மூன்று உருப்படிகளை அனுப்பினார். பாறையிலேயே இருந்த அவர் அந்த அறிவிப்பைப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். ராஜாக்கண்ணு குழுவில் அனுப்புவாரே ஒழிய, குழுவைப் படிப்பதில்லை. செவ்வாய் காலை ஆறு மணிக்கு அவர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தபோது, ஜீப் சென்று அரைமணி நேரம் ஆகியிருந்தது. செல்லம்மா கடைப்பலகையில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினார்.

அன்று பகல் பாறையிலிருந்து நான்கு நிமிடம் பத்து நொடி நீளமுள்ள குரல்பதிவு ஒன்று குழுவில் வந்து விழுந்தது. சசிகலா வேண்டுமென்றே நேரத்தை மறைத்தார் என்பது அதன் சாரம். மாலைக்குள் குழு கொந்தளித்தது. தோல் தொழிற்சாலை வேலைக்கு அன்றாடம் ஜீப்பில் இறங்கும் நவீன்குமார், “அக்கா, ஒண்ணு அவரு இருக்கணும், இல்லன்னா நாங்க இருக்கணும். நீயே சொல்லு,” என்று பதிவிட்டான். பதினொரு பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். சசிகலா ஒரு கையில் வடிகட்டியும் மறு கையில் போனுமாக நின்றிருந்தார். ராஜாக்கண்ணுவின் பெயரை அழுத்தினார், நீக்கினார், தேநீரை ஆற்றத் தொடங்கினார். நான்கு நொடி வேலை.

புதன் நிம்மதியாகக் கழிந்தது. வியாழன் மாலை சசிகலாவே செல்லம்மாவின் பெயரையும் ராஜாக்கண்ணுவின் பெயரையும் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் சேர்த்து, மறுநாள் சாலையை ஏழு மணிக்குத்தான் மூடுவார்கள், வண்டி பழையபடி ஆறு மணிக்கு என்று வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார். வெள்ளி காலை ஆறு மணிக்குப் பத்துப் பேர் ஏறியிருந்தார்கள். இரண்டு இடங்கள் காலியாக இருந்தன.

“இன்னாம்மா, மகராஜா வர்லியா?” என்று ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி கேட்டார் சக்கரவர்த்தி. “ஏழு மணிக்கு ரோட்ட மூடிருவானுங்கோ. அப்பால என்னக் கேக்கக் கூடாது.”

இரண்டு முறை தொடர்ந்து தவறினால் மூச்சு முட்டும் என்று மருத்துவமனையில் எச்சரித்திருந்தது ஊருக்கே தெரியும். சசிகலா அடுப்பை அணைத்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஓடினார். செல்லம்மா பையோடும் புடவை மாற்றியும் வாசலில் உட்கார்ந்திருந்தார். பாதங்கள் வீங்கி, செருப்பின் வார்கள் சதைக்குள் புதைந்திருந்தன. ராஜாக்கண்ணு மாட்டுத்தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

“மாமா, வண்டி நிக்குது! இன்னா பண்ணினு கீற?”

“நான் எப்பிடிம்மா வர்றது?” ராஜாக்கண்ணு தலை நிமிரவில்லை. “தள்ளி வச்சவன் வண்டி ஏறலாமா? மத்தவங்க பக்கத்துல குந்தலாமா?”

சசிகலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மலையில் ஊர்க்கூட்டம் ஒருவரைத் தள்ளி வைத்தால் அவர் பொதுவில் உட்காரக் கூடாது. எவர் வீட்டுத் தண்ணீரையும் குடிக்கக் கூடாது. கூட்டம் மறுபடி கூடி, அவர் வைக்கும் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்ட பிறகே அவர் ஊரில் ஒருவராவார். ராஜாக்கண்ணு செவ்வாய் மாலையிலிருந்து அந்த ஒழுங்கைப் பிழையின்றிக் கடைப்பிடித்து வந்திருக்கிறார். இரண்டு நாட்களாகக் குழாயடிக்குப் போகாமல் ஓடைத்தண்ணீரைத் தூக்கியிருக்கிறார்.

“ஐயோ மாமா! அது ஊரு இல்ல. அது போனு!”

“ஊர்க்கூட்டத்துக்கு எத்தினி பேரு வருவாங்க? அம்பது பேரு தேறாது. நீ தள்ளி வச்சத எரநூறு பேரு பாத்தாங்கோ. திருப்பூர்ல கீற எம் புள்ளயும் பாத்தான். இதுல எது பெரிய கூட்டம், நீயே சொல்லு.”

மேலே ஜீப்பின் ஹாரன் ஒலித்தது.

“எங்கப்பன ஒரு வாட்டி தள்ளி வச்சாங்க,” என்று ராஜாக்கண்ணு தொடர்ந்தார். “அப்பக்கூட நடுவுல நிக்க வச்சி, ‘நீ இன்னாடா சொல்ற’ன்னு கேட்டாங்க. நீ என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

“கேக்கல. தப்புதான். சாயங்காலம் கேக்கறேன், ஒக்காந்து கேக்கறேன். இப்ப அத்தய ஏத்து மாமா!”

“வெத்தல வைக்காத நான் ஏற மாட்டேன்.”

ஹாரன் மறுபடியும் ஒலித்தது, இம்முறை நீளமாக. வாசலில் உட்கார்ந்திருந்த செல்லம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“யோவ், உன்னத்தான தள்ளி வச்சாங்க? என்ன யாரும் தள்ளலியே?”

ராஜாக்கண்ணு சாணிக் கூடையோடு நின்றார். இந்தக் கோணத்தை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

“போன இங்க குடு.”

“எதுக்கு?”

“எம் புள்ள வாங்கினது அது. குடுன்றேன்.” அவரே கணவரின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். “ஒம்பது வாட்டி பப்பாளி எல போட்டியே, ஒரு வாட்டி வண்டி எத்தினி மணிக்குன்னு பாத்தியா? நட சசி.”

சசிகலாவின் தோளைப் பிடித்தபடி செல்லம்மா பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று மேடேறினார். பத்தடி இடைவெளியில் ராஜாக்கண்ணுவும் பின்தொடர்ந்தார். அவர்கள் நின்ற போதெல்லாம் அவரும் நின்றார்.

நவீன்குமார் ஜீப்பிலிருந்து குதித்துச் செல்லம்மாவைத் தூக்கி ஏற்றினான். பின்னால் ராஜாக்கண்ணு ஏறாமல் நிற்பதைக் கண்டு, “இன்னா மாமா, ஸ்டிரைக்கா?” என்றான்.

“அவரு வர மாட்டாராம். தள்ளி வச்சிட்டமாம்,” என்றார் சசிகலா. சொல்லும்போது அழுவதா கத்துவதா என்று அவருக்கே தெரியவில்லை.

நவீன்குமாரின் முகத்தில் இருந்த கேலி மெல்ல இறங்கியது. அவரை நீக்கச் சொன்னவன் அவன்தான். “இன்னிக்கு அர நாள் லீவு சொல்லிக்கிறேன்,” என்றான். “அத்தய நானே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன். பைய குடுங்க.” ஜீப் ஆறு முப்பத்தைந்துக்குப் புறப்பட்டது. தடுப்புச்சுவர் வளைவைத் தாண்ட இருபது நிமிடமாகும். சசிகலா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குள் திரும்பினார்.

ராஜாக்கண்ணு கடைக்கு வெளியே, பலகையில் உட்காராமல், மண்ணில் குந்தினார். சசிகலா தேநீரை நீட்டினார். அவர் வாங்கவில்லை. சசிகலா டம்ளரை ‘டக்’கென்று பலகையில் வைத்தார்.

“சரி. இப்பவே கேக்கறேன். சொல்லு மாமா, நீ இன்னா சொல்ற?”

ராஜாக்கண்ணு சொன்னார். முழுதாக முக்கால்மணி நேரம் சொன்னார். வியாபாரத்துக்கு இடையிடையே சசிகலா கேட்டார். அதில் பெரும்பகுதி தடுப்புச்சுவரைப் பற்றியது. ஒரு பகுதி நவீன்குமாருடைய தாத்தாவைப் பற்றியது. குழுவைப் பற்றி அவர் சொன்னது மிகக் குறைவு.

“பாறையில ஒத்த ஆளா குந்தினு கீறேன். அவளுக்கு இன்னிக்கு இன்னா ஆகுமோ, நாளிக்கு இன்னா ஆகுமோன்னே நெனப்பு ஓடும். ஒரு பூவ அனுப்பிச்சா ரெண்டு டிக்கு வருது. எங்கியோ ஒருத்தன் கீறான்னு தெரியுது. அவ்ளோதாம்மா.”

“அதுக்கு அறுவத்து மூணா மாமா?”

“நேரமாவுது இல்ல?”

சசிகலா கடையிலிருந்தே வெற்றிலைக் கட்டையும் பாக்குப் பொட்டலத்தையும் எடுத்து அவர் கையில் வைத்தார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த நால்வரையும் அருகே அழைத்தார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வெற்றிலை வேண்டாமென்று சொல்லவும் தோன்றவில்லை. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு சசிகலா போனைத் திறந்து, ராஜாக்கண்ணுவின் எண்ணை மீண்டும் குழுவில் சேர்த்தார். ராஜாக்கண்ணு அந்த வரியைத் தம் கண்ணால் பார்க்க விரும்பினார், பார்த்தார். பலகையில் ஏறி உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். ஆனால் பலகையைவிட்டு எழவில்லை. மாடுகள் தொழுவத்தில் கத்துவது மேலே வரை கேட்டது.

பத்து இருபதுக்குக் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. ராஜாக்கண்ணுவின் எண்ணிலிருந்துதான். நீளம் மூன்று நொடி. சசிகலா ஒலியைக் கூட்டி அழுத்தினார்.

“படுத்துக்கினேன். ஊசி போட்டாங்க.”

“இன்னொரு வாட்டி போடும்மா,” என்றார் ராஜாக்கண்ணு. சசிகலா போட்டார். “இன்னொரு வாட்டி.” மூன்றாவது முறை கேட்டபின் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “மாடு கத்துது. நான் போறேன்.” நான்கடி நடந்து திரும்பினார். “ஒன் போன்லேந்து ஒரு ரோசாப்பூ போட்டுடு. ஒண்ணே ஒண்ணு.”

“போ மாமா!”

பகல் பன்னிரண்டுக்கு சசிகலா சனிக்கிழமை வண்டியின் நேரத்தை அறிவித்தார்: சுவர் வேலைக்காகச் சாலையை மறுபடி ஆறு மணிக்கே மூடுவதால் மீண்டும் ஐந்தரை. மாலை பாறைக்கு ஏறியவர்கள் முதலில் செல்லம்மாவின் மூன்று நொடிகளைக் கேட்டார்கள். பிறகு ஒருவர் கைகூப்பினார், ஒருவர் விளக்கேற்றினார், திருப்பூரிலிருந்து மகன் இதயம் அனுப்பினான், கேரளத்திலிருந்து யாரோ ஒரு சாமி படம். நவீன்குமார் செல்லம்மா கட்டிலில் இட்லி சாப்பிடும் புகைப்படத்தைப் போட்டான். அதற்குத் தனியாக முப்பது பேர் கைதட்டினார்கள். ஏழு மணிக்குள் மொத்தம் எண்பத்தாறு. ராஜாக்கண்ணுவின் எண்ணிலிருந்து ஒன்றுகூட இல்லை.

ஐந்தரை என்ற வரி திரையில் எங்கும் தென்படவில்லை. சசிகலா எண்பத்தாறையும் விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார், தம் அறிவிப்பைக் கண்டுபிடித்தார், படியெடுத்தார், கீழே வந்து மறுபடியும் போட்டார்.

அடுத்த நொடியே அதன் கீழ் ஒருவர் ரோஜாப்பூ அனுப்பினார்.