செட்டிங்தாம்மா, சீட்டிங் இல்ல

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் டிசைன் ரூமில் நாங்கள் நான்கு பேர். நான் ஒருத்திதான் பெண். சுவரைப் பார்த்துப் போட்ட நான்கு கம்ப்யூட்டர்கள், அதனால் ஒருவர் திரை மற்றவருக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் அவற்றை இணைத்து, ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் கேம் ஆடுவோம். முதலில் சாகிறவர் கேன்டீனுக்குப் போய் எல்லோருக்கும் டீ எடுத்து வர வேண்டும். எங்களில் மூத்தவர் போட்ட சட்டம் அது.

ஒரு வருடமாக நான்தான் டீ எடுத்து வந்தேன். கேமில் மாடிப்படிக்கு அடியில் கும்மிருட்டு. அங்கே போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பேன். நேராக வந்து சுடுவார்கள். "உனுக்கு ஒளியவே தெரியலம்மா" என்று சிரிப்பார்கள். நானும் அசடு மாதிரி சிரித்துவிட்டு டிரேயைத் தூக்குவேன்.

ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவே மூத்தவரை மேனேஜர் கூப்பிட்டார். "என்னுதையும் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் நிழலே இல்லை. மூலை முடுக்கெல்லாம் டியூப்லைட் போட்ட மாதிரி வெளிச்சம். மாடிப்படிக்கு அடியில் என் ஆள் பளிச்சென்று குந்தியிருந்தாள்.

ஸ்கோர் பார்க்க டேப் கீயை அழுத்தப் போய், அதற்கு மேலிருந்த கீயை அழுத்திவிட்டேன். திரையின் மேலிருந்து ஒரு கறுப்புப் பட்டை இறங்கியது. அதில் இருட்டையே எடுத்துவிட அவர் அடித்திருந்த கட்டளை: ஃபுல்பிரைட் 1. எழுந்து போய் மற்ற இரண்டு திரைகளையும் பார்த்தேன். அங்கேயும் பட்டப்பகல். என் திரையில் மட்டும்தான் இருட்டு.

மூத்தவர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"இது இன்னாண்ணா?"

"செட்டிங்தாம்மா, சீட்டிங் இல்ல. இருட்டுல கண்ணு வலிக்குதுன்னு போட்டுகினோம்."

"எனுக்கு கண்ணு இல்லியா?"

"நீ கேக்கலியே. இப்ப உனுக்கும் போட்டு தர்றேன், வுடு."

"வேணாம். எல்லாருதுலயும் எடுங்க."

முனகிக்கொண்டே எடுத்தார்கள். புது ஆட்டம் தொடங்கியது. மூத்தவர் இருட்டில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். மாடிப்படிக்கு அடியிலிருந்து சுட்டேன். முதலில் செத்தது அவர்தான்.

அவர் எழுந்திருக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நீயே போய் எடுத்தாந்துடும்மா. உனுக்குத்தான் பழக்கம்."

நானும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு எங்கள் ரூமில் யாரும் டீ குடிக்கவில்லை.