பன்றிக்குப் பயம் பத்து

சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் சின்னதாக ஒரு விளையாட்டு செய்து அனுப்பச் சொன்னார்கள். நிபந்தனை ஒன்றுதான்: அதில் வரும் எதிரி தானாக யோசித்து நடக்க வேண்டும். அது சொதப்பினால் திங்கட்கிழமை நான் திருச்சியில் பேங்க் பரீட்சை வகுப்பில் இருப்பேன். அப்பா ஏற்கெனவே சேர்த்துவிட்டார். வட்டி விகிதம் என்று கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும்.

எதிரிக்காக நான் எங்கேயும் அலையவில்லை. பாடாலூர் பக்கம் எங்கள் மானாவாரிக் கொல்லையில் மக்காச்சோளம் கதிர் பிடித்தால் காட்டுப்பன்றி வந்துவிடும். அதையே விளையாட்டுக்குள் பிடித்துப் போட்டேன். விளையாடுபவர் காவல்காரி, அவளைப் பார்த்ததும் பன்றி பாய வேண்டும். முதலில் அது வேலியில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டி வழி சுற்றி வரப் பழக்கினேன். வியாழக்கிழமை மதியம் மூலை திரும்பி ஓடி வந்து காவல்காரியை முட்டித் தள்ளியது. வீடு அதிரக் கத்தினேன்.

பாம்போ என்று பயந்து அண்ணி ஓடி வந்தாள். கொல்லையைப் பார்ப்பது அவள்தான். அண்ணன் அரியலூரில் லாரி ஓட்டுகிறான். விளையாடிப் பாருங்கள் என்று பெருமையாகக் கொடுத்தேன். அரை நிமிஷம் பார்த்தாள்.

"ஏன் பாப்பா, இதுக்கு என் மேல என்ன கோவம்? பன்னி ஆளத் தேடியா வருது? கதிரத் தேடில்ல வருது!"

எனக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து பன்றித் தொல்லையைப் பார்த்தவள் நான், எங்கோ விளையாடிய துப்பாக்கிச் சண்டையைப் பன்றிக்குள் எழுதி வைத்திருக்கிறேன்.

"சேலை எங்க?" என்றாள் அடுத்து. எங்கள் பக்கம் கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுவோம். பன்றி மிரண்டு ஒதுங்கும்.

"சேலை கட்டிட்டா அப்புறம் வராதுல்ல அண்ணி?"

"நாலு நாளைக்கு வராது. அப்புறம் பழகிப்போயிடும். அதான் நானும் எடம் மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டே கெடக்கேன்."

உட்கார்ந்தேன் பாருங்கள்! ஆளை விட்டுக் கதிரைத் தேடும்படி மாற்றினேன். பன்றிக்குப் பயம் என்று ஓர் எண் வைத்தேன். பத்தில் தொடங்கும். அதே சேலையைப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகக் குறையும். சைபரானால் உள்ளே புகும். சேலையை இடம் மாற்றினால் மறுபடி பத்து. எழுதியது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் விளையாட்டுக்குள் ஆறு பன்றிகளை விட்டு அண்ணியை உட்காரவைத்தேன். அவள் முன்பக்கச் சேலையை மாற்றிக்கொண்டிருக்க, பின்பக்கச் சேலைக்குப் பழகிப்போன மூன்று பன்றிகள் கமுக்கமாக உள்ளே இறங்கின. பின்னால் போ என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை! அப்படியொரு சந்தோஷம் அதுவரை நான் பட்டதில்லை.

"அட பாவிங்களா, பின்னாடி வந்துட்டுதுங்களே! இன்னொரு தடவ போடு பாப்பா!"

ஆறு தடவை தோற்றாள். அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை திருச்சிக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து போன் வந்தது.

"எங்க ஆபீஸ்ல இன்னும் ஒருத்தராலயும் கதிரைக் காப்பாத்த முடியலங்க. திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கிறீங்களா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. நான் வாய் திறப்பதற்குள் அண்ணி போனைப் பிடுங்கி, அப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காலைல எட்டு மணிக்கே அங்க நிப்பா சார்."