ஜவளகிரி சாலையில் நற்கருணை

பெலவேந்திரனால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. ஓசூரில் அவர் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில் இரண்டு மெஷினுக்கு ஓர் ஆள் என்று மாற்றியபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவருக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம், இங்கும் அங்கும் நடக்கலாமே என்று. கோயிலிலும் அதே கதைதான். ஃபாதர் மறையுரையைத் தொடங்கியதும் அவர் கால்கள் தாமாகவே வாசலுக்குப் போய்விடும்.

"நிக்கறதுதான் நிக்கறீங்க, ஒரு வேலையோட நில்லுங்க" என்று பங்குத்தந்தை ஒருநாள் அவரை வாசலிலேயே வரவேற்பாளராக்கினார். பாட்டுப் புத்தகம் கொடுப்பது, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துத் தருவது, வெளியிலேயே தயங்கி நிற்கும் வடநாட்டுத் தொழிலாளர்களை உள்ளே கூட்டிவருவது என்று அந்த வேலை அவருக்குப் பொருந்திப் போனது. பிறகு திருப்பலியில், கிறிஸ்துவின் உடலாகவே வணங்கும் நற்கருணை அப்பத்தை வழங்கவும், நோயாளிகளின் வீடுகளுக்கு அதைக் கொண்டுபோகவும் சிலரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயரும் வந்தது. மனைவி சலேத்மேரி சிரித்தே விட்டாள்.

"நீங்களா? சாமிய நெஞ்சுல வெச்சுக்கிட்டு ரெட் சிக்னல் தாண்டுவீங்களா?"

தாண்டவில்லை. தர்மபுரியில் நடந்த பயிற்சியில் சொன்னதை அவர் மீறியதே இல்லை. சிமிழில் நற்கருணையை வாங்கிவிட்டால் நேராக நோயாளி வீட்டுக்குத்தான் போக வேண்டும். வழியில் டீக்கடை கிடையாது, கதை பேசுவது கிடையாது. ஆனால் போன இடத்தில் அவர் தங்குவதும் கிடையாது. ஜெபத்தை முடித்து, நாவில் அப்பத்தை வைத்து, சிமிழை மூடும்போதே ஒரு கால் வாசற்படியில் இருக்கும்.

இதைச் சொல்லிக் காட்டியவள் அமலோற்பவம். தளியைத் தாண்டி ஜவளகிரி போகிற வழியில் அவள் வீடு. ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலில் வேலை செய்துகொண்டிருந்தவள். முதுகுத்தண்டில் கட்டி வந்து, நாற்பது வயதில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்துவிட்டாள். கணவன் சிவராஜ் இந்து. கல்யாணத்தன்று கோயிலுக்கு வந்ததோடு சரி. ஆனாலும் ஞாயிறு தவறாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, வெள்ளைத்துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பான்.

"வர்றீங்க, வாயில வெக்கறீங்க, ஓடிடறீங்க" என்றாள் ஒரு ஞாயிறு. "கொரியர்காரன்கூட கையெழுத்து வாங்கற வரைக்கும் நிப்பான்."

அந்த வாரம் முழுக்க அது அவருக்குள் அராவிக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் சனிக்கிழமை சூப்பர்வைசர் வந்து, "நாளைக்கு செகண்ட் ஷிஃப்ட் ஓவர்டைம் பாக்கறீங்களா? டெஸ்பாட்ச் இருக்குது" என்று கேட்டதும், யோசிப்பதற்கு முன்பே தலை ஆடிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தளியைத் தாண்டியதும் சாலையை மறித்திருந்தார்கள். கேழ்வரகுக் கதிர் முற்றியிருந்த மாதம். காட்டைவிட்டு யானைக்கூட்டம் வயலுக்குள் இறங்கியிருந்தது.

"யாரும் தாண்டக் கூடாது" என்றார் வனத்துறைக் காவலர் திருமலை. "ரோட்டோரமே நிக்குது, குட்டியோட. அதுவா நகர்ந்தாத்தான் வழி."

தூரத்தில் வயல்காரர்கள் யானையை விரட்ட வெடி போடும் சத்தம் கேட்டது. பைக்குகளும் தக்காளி ஏற்றிய ஆட்டோக்களும் வரிசையாக நின்றன. பெலவேந்திரன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். தடுப்புவரை போவார், திரும்புவார், மறுபடியும் போவார். வலது கை சட்டைப்பைக்குள் இருந்த சிமிழை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது. ஷிஃப்ட் நேரம் நெருங்குவதை நினைக்க நினைக்க நெற்றி வியர்த்தது.

தக்காளி ஆட்டோவில் வந்த நஞ்சம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனாயித்து அண்ணா? நெஞ்சு நோவா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தியேவிட்டாள். "யாராவது தண்ணி குடுங்கப்பா!"

நாலு பேர் ஓடிவந்துவிட்டார்கள். இனி பேசாமல் முடியாது.

"நோவெல்லாம் இல்லம்மா. உள்ள சாமி இருக்குது."

"என்னா சாமி?"

"எங்க சாமி. கோயில்ல குடுக்கறது. படுத்துக் கெடக்கறவங்களுக்குக் கொண்டுட்டுப் போறேன்."

நஞ்சம்மா அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். ஆட்டோக்காரரிடம் பாட்டை நிறுத்தச் சொன்னாள். ஒரு காலி தக்காளிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, முந்தானையால் துடைத்தாள். "சாமிய வெச்சுக்கிட்டு ஏன் இப்படிச் சுத்தற? உக்காரு."

உட்கார்ந்தார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

சூப்பர்வைசர் போனில் அழைத்தார். "கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பிட்டேன் சார்."

சொன்ன பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. அதை உண்மையாக்கவும் வழி இருந்தது. நோயாளியிடம் சேர்க்க முடியாவிட்டால் நற்கருணையைக் கோயிலுக்கே திருப்பிக் கொண்டுவரலாம், தப்பில்லை என்று ஃபாதரே சொல்லியிருக்கிறார். பெலவேந்திரன் எழுந்து வண்டியைத் திருப்பினார். ஓசூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் போயிருப்பார், மறுபடியும் போன் அடித்தது. சிவராஜ்.

"அண்ணா, வர்றீங்களா? காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல அவ. சாமி வாங்கிட்டுத்தான்னு அடம்."

"ரோட்டுல ஆனை நிக்குது சிவராஜ். விட மாட்டேங்கறாங்க."

"தெரியும்ணா. கூட்டத்துல பாதி எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் நிக்குது."

பெலவேந்திரன் சாலை ஓரத்தில் வண்டியில் இருந்தபடியே மணி பார்த்தார். பிறகு சூப்பர்வைசரை அழைத்து, "சார், இன்னிக்கு வரல" என்றார். அந்தப் பக்கம் சத்தம் ஏறியது. இவர் போனை அணைத்துவிட்டு வண்டியைத் திரும்பவும் ஜவளகிரிப் பக்கம் விட்டார்.

வழி திறந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அமலோற்பவம் வீட்டில் முதல் மெழுகுவர்த்தி கரைந்து, சிவராஜ் இன்னொன்று ஏற்றியிருந்தான். அவளுக்கு அன்று விழுங்க முடியவில்லை. பெலவேந்திரன் அப்பத்தில் நகக்கண் அளவு பிட்டு நாவில் வைத்து, ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். முறைப்படி மீதியைத் தானே உட்கொண்டார். சிவராஜ் கதவோரம் கைகூப்பி நின்றான்.

சிமிழை மூடியதும் பழக்கத்தில் எழுந்துவிட்டார். ஷிஃப்டை விட்டாயிற்று, போவதற்குத்தான் இடமில்லை. மறுபடியும் உட்கார்ந்தார். என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. கால் ஆட ஆரம்பித்தது.

அவள்தான் பேசினாள். "காலையிலருந்து சத்தம் மட்டும் கேட்டுச்சு, இப்ப போயிடுச்சு போல. இவரு பயத்துல சன்னலக்கூடத் தொறக்கல. கொல்லையில போய்ப் பாத்துட்டு வந்து சொல்றீங்களா?"

பெலவேந்திரன் துள்ளி எழுந்தார். வீட்டுக்குப் பின்னால் கேழ்வரகு பாய் விரித்தாற்போலப் படுத்துக்கிடந்தது. பப்பாளி மரம் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. உடைந்த சொட்டுநீர்க் குழாயிலிருந்து தண்ணீர் வழிந்து காலடித் தடங்களில் தேங்கியிருந்தது. திரும்பி வந்து சொன்னார்.

"அடி எவ்ளோ பெருசு?"

மறுபடியும் போனார். ஒரு தடத்துக்குள் தன் இரண்டு காலையும் வைத்துப் பார்த்தார். இன்னும் இடம் இருந்தது. வந்து சொன்னார்.

"குட்டியோடது இருக்குதா?"

திரும்பவும் ஓடினார். வாய்க்கால் கரையில் குட்டி சறுக்கி விழுந்த தடம் இருந்தது. அதன் பக்கத்திலேயே பெரிய தடங்கள் நெருக்கமாக, தூக்கி நிறுத்திய மாதிரி. இதை அவர் கையை ஆட்டி, உட்கார்ந்து எழுந்து விவரித்தபோது அமலோற்பவம் இருமல் வரும்வரை சிரித்தாள். சிவராஜுக்குப் பயிர் போன வயிற்றெரிச்சல். இருந்தும் அவனும் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து கேட்டான்.

திங்கட்கிழமை கம்பெனியில் மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். ஞாயிறு ஓவர்டைமுக்கு அதற்குப் பிறகு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அமலோற்பவம் வாராவாரம் ஏதாவது பார்த்துவரச் சொன்னாள். பசுமைக்குடில் பிளாஸ்டிக் காற்றில் கிழிந்ததா, முக்கு வீட்டுக்காரர் மாடி எழுப்புகிறாரா, என்ன கலர் அடித்திருக்கிறார். வழியில் பேசத்தானே கூடாது, பார்க்கலாம் என்று அவர் பார்த்துக்கொண்டே போனார்.

தவக்காலத்தில் அவள் இறந்துபோனாள். அடக்கத் திருப்பலியில் பெலவேந்திரன் மறையுரை முடியும்வரை வாசலில்தான் நின்றார். உள்ளே இருக்க முடியவில்லை.

"கொஞ்ச நாள் ஓய்வா இருங்க" என்றார் பங்குத்தந்தை.

"வேணாம் ஃபாதர். தூரமா இருக்கற வீடா பாத்துக் குடுங்க."

அவர் கொடுத்தது குந்தாரப்பள்ளிப் பக்கம் ஒரு வீடு. அங்கே படுத்திருக்கும் முதியவருக்குக் காது கேட்காது, கண்ணும் மங்கல். எதைப் பார்த்துவந்து சொல்லியும் பயனில்லை. நற்கருணை கொடுத்து முடித்ததும் பெலவேந்திரனுக்கு அங்கே என்ன செய்வதென்று விளங்குவதில்லை. கொஞ்ச நேரம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவருடைய வீங்கிய பாதங்களை நீவிவிட்டுவிட்டு வருகிறார்.