ஜெபத்தின் கடைசிச் சொல்

டி.சி. வேண்டும் என்று ஜலீல் சொன்னதும் தலைமை ஆசிரியை ஞானசெல்வம் டீச்சர் நாற்காலியைக் காட்டினார். ஜலீல் உட்காரவில்லை. கோரிப்பாளையத்தில் பை தைத்து ஜிப் மாற்றும் கடை வைத்திருப்பவர், நாலாம் வகுப்பு இஷ்ரத்தின் அப்பா. இதே பள்ளியில் டீச்சரிடம் படித்தவர், அதனால் நின்றுகொண்டே இருந்தார்.

"என்னப்பா, வருஷ நடுவுல?"

"வீடியோ பாத்தீங்கள்ல டீச்சர்."

பார்த்திருந்தார். காலை ஜெபத்தை யாரோ மதிலுக்கு வெளியே நின்று எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். இஷ்ரத் முன்னால் நின்று சொல்ல, பிள்ளைகள் கண்ணை மூடித் திருப்பிச் சொல்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து கடைசிச் சொல்லைச் சொன்னதும் வீடியோ முடிந்துவிடுகிறது.

"எம் பிள்ள ஆமென் சொல்லுதுன்னு ஜமாத்துல கேக்குறாங்க. கடைக்கே வந்து கேக்குறாங்க டீச்சர்."

"நீயும் சொன்னவன்தான?"

"நாங்க தொழுகைல சொல்ற மாதிரி ஆமீன்னுல்ல சொன்னோம்." ஜலீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க தெருப் பயலுக அம்புட்டுப் பேரும். நீங்க கவனிச்சதே இல்லையா?"

இல்லை. இத்தனை வருடம் அதே முற்றத்தில் கண்ணை மூடி நின்றவருக்கு அது ஒரே சொல்லாகத்தான் கேட்டிருந்தது.

"அப்ப இஷ்ரத்தும் அதத்தான சொல்லுவா. திங்கக்கிழம பிரேயருக்கு வந்து நீயே கேளு. பெறகு டி.சி. தாரேன்."

"வாரேன் டீச்சர். ஆனா எழுதி வச்சிருங்க."

ஒரு டி.சி.யோடு இது நிற்காது என்பது டீச்சருக்குத் தெரியும். ஜலீலின் தெருவில் ஒரு வீடு செய்வதைத்தான் மற்ற வீடுகளும் செய்யும். பள்ளியை நடத்தும் கிறிஸ்தவ சபைக் குடும்பங்களின் பிள்ளைகள் வேனில் ஏறி ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய் வெகு காலமாயிற்று. எந்தப் பள்ளியிலும் சேர்க்காத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி என்று வாசல் கல்லில் வெட்டியிருக்கிறது. இப்போது ஜலீலின் தெருவைப் போன்ற தெருக்களின் பிள்ளைகளால்தான் பள்ளி நடக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் டீச்சர் வெயிலில் வீடு வீடாகப் போய் அவர்களைக் கூட்டி வருவார். பிள்ளைகள் குறைந்தால் அரசு ஒரு ஆசிரியர் பணியிடத்தை எடுத்துவிடும். மிச்சம் இருப்பதே இரண்டு.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் திருப்பரங்குன்றம் பஸ்ஸில் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டார். ஒரு தடவை ஆமென் என்று கேட்டது. அடுத்த தடவை ஆமீன். பிறகு இரண்டும் இல்லை, பிள்ளைகளின் இரைச்சல் மட்டும்.

பக்கத்து சீட் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, இம்புட்டு ஜெபம் கேக்குறீங்க. வீட்ல யாருக்கும் முடியலையா?"

டீச்சர் போனை அணைத்துவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சபைச் செயலாளர் தேவதாசன் வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டார்.

"ஸ்தோத்திரம் டீச்சரம்மா. நம்ம ஸ்கூல்ல பிள்ளைக ஆமீன்னு சொல்லுதாமே? வீடியோல தெளிவாக் கேக்குது."

"எனக்குக் கேக்கலண்ணே."

"அப்பக் காதக் காட்டுங்க டாக்டர்ட்ட. நாம எதுக்கு ஸ்கூல் நடத்துறோம்? அந்த ஒரு வார்த்தையாச்சும் ஒழுங்கா வர வேணாமா?"

"உங்க பேரன் எந்த ஸ்கூல்லண்ணே படிக்கிறான்?"

"அது வேற விஷயம்." அவர் முகம் மாறியது. "கமிட்டில ஏற்கெனவே இடத்த வேற எதுக்காச்சும் குடுக்கலாம்னு பேசுறாங்க. நாந்தான் பிடிச்சு வச்சிருக்கேன். நாளைக்குக் காலைல நானே வந்து நிக்கிறேன். என் காதால கேட்டுட்டுப் போறேன்."

ஜலீலும் நாளைக்குத்தான் வருகிறார். ஜலீலைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் எதையோ மறைப்பதாக நினைப்பார். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். எதைச் சொல்ல?

திங்கள்கிழமை ஜலீல் கேட்டுக்கு உள்ளே செருப்பைக் கழற்றாமல் நின்றார். தேவதாசன் கொடிக்கம்பத்தருகே கைகளைக் கட்டி நின்றார். ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். மற்றவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று இருவருக்கும் தெரியாது.

இஷ்ரத் முன்னால் வந்தாள். முதல் வரி சரியாக வந்தது. பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். படிப்பைத் தா, எங்கள் வீடுகளைக் காத்துக்கொள் என்று வரிகள் ஒவ்வொன்றாகப் போயின. டீச்சர் இந்த முறை கண்ணை மூடவில்லை.

ஜெபம் முடிந்தது. கடைசிச் சொல் வரவில்லை.

இஷ்ரத்தின் உதடுகள் ஒட்டியிருந்தன. வரிசைகளில் ஒரு வாயும் திறக்கவில்லை. வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துப் போனது. தானாவது சொல்லிவிடலாமா என்று டீச்சருக்குத் தோன்றியது. இரண்டில் எதைச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் ஒன்றாம் வகுப்பு மருது நிமிர்ந்து பார்த்து, "எங்கம்மா வாய மூடிட்டு இருக்கணும்னு சொல்லிருக்கு டீச்சர்" என்றான்.

தேவதாசன் அருகே வந்தார். "பரவால்ல. ஆமீன்னு ஒண்ணும் வரல. இத இப்படியே விட்றலாம்." நிம்மதியாகவே பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

ஜலீல் அலுவலக வாசலுக்கு வந்தார்.

"பாத்தியாப்பா," டீச்சர் அவசரமாகச் சொன்னார். "ஆமென்னும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. ஜமாத்துல போய்ச் சொல்லு."

"அவுங்கள நான் சமாளிச்சிருவேன் டீச்சர்." அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்ல எம் பிள்ள வாய மூட ஆள் இல்ல. இங்க எம்புட்டுப் பயந்து நின்னுச்சு பாத்தீங்களா? நாங்க படிக்கிறப்ப கடைசிச் சொல்லு வர்ற எடத்துல கத்துவோம். நீங்க அதட்டுவீங்க."

"ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"குடுங்க டீச்சர்."

கொடுத்தார்.

பிறகு நாலாம் வகுப்புக்குப் போனார். மூன்றாவது பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது. நாளைக்கு யார் பிரேயர் சொல்கிறீர்கள் என்று கேட்டார். எப்போதும் கைகள் முந்திக்கொண்டு வரும். இன்று பிள்ளைகள் குனிந்து பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.